ஒருவருக்கொருவர்: குர்ஆன் வகுப்பில் இடம் மாறி அமர்ந்து பேசுதல்



ஸூரத்துல் அஸ்ர் மூன்றே வசனங்களைக் கொண்டது. மதரஸாவில் சேர்ந்த சில மாதங்களிலேயே நம் பிள்ளைகள் மனனமிட்டுவிடும் அத்தியாயம் அது. நஷ்டத்திலிருந்து விலக்குப் பெற்றோரின் தகுதிகளாக அல்லாஹ் அதில் நான்கினைக் கூறுகின்றான். ஈமான் கொள்வது, நல்லமல்கள் செய்வது, சத்தியத்தைக் கொண்டு உபதேசிப்பது, பொறுமையைக் கொண்டு உபதேசிப்பது ஆகியனவே அவை. பின்னிரண்டையும் குறிக்க அங்கே வரும் 'தவாஸவ்' என்னும் சொல் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. ஒருவர் சொல்ல மற்றவர்கள் கேட்டிருப்பதை அச்சொல் குறிப்பதில்லை. அரபு இலக்கணப்படி அது இரு தரப்பும் ஈடுபடும் வினை. இவர் அவருக்குச் சொல்ல வேண்டும். அவரும் இவருக்குச் சொல்ல வேண்டும். நபித்தோழர்களில் இருவர் சந்தித்துக்கொண்டால், ஒருவர் மற்றவருக்கு இந்த ஸூராவை ஓதிக் காட்டாமல் பிரிந்து செல்வதில்லை என்னும் செய்தி தபரானீயில் பதிவாகியுள்ளது.

இந்த 'ஒருவருக்கொருவர்' என்பதை எங்கள் மஹல்லாவின் பெண்கள் குர்ஆன் வகுப்பில் எவ்வாறு நடைமுறைக்குக் கொண்டுவந்தோம், அதற்கு எழுந்த தயக்கங்கள் எவை, அல்லாஹ்வின் அருளால் கிடைத்த பலன்கள் எவை என்பவற்றை மற்ற ஊர்ச் சகோதரிகளும் குடும்பங்களும் அறிந்துகொள்ளட்டும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறோம்.

எங்கள் வகுப்பு ஒவ்வொரு ஞாயிறும் அஸர் தொழுகைக்குப் பின் தொடங்கி, மஃரிப் பாங்குக்கு முன் நிறைவுபெறும். பெரும்பாலும் பதினான்கு பேர் வருவோம். பிளஸ் டூ படிக்கும் மாணவி முதல் பேரப்பிள்ளைகளுக்கு மணம் முடித்து வைத்த மூதாட்டி வரை எல்லா வயதினரும் அதில் உண்டு. பாடம் நடத்தும் ஆலிமா ஆழ்ந்த கல்வி உடையவர், பொறுமைசாலி. ஆயினும் அரை மணி நேரம் கடந்தவுடன் வகுப்பின் நிலை மாறிவிடும். சிலர் சுவரில் சாய்வார்கள். சிலருடைய விரல்கள் கைப்பேசியைத் தேடும். சிலர் கண்களை மூடியபடி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருப்பார்கள். "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று ஆலிமா சொன்னால், வழக்கமாகக் கேட்கும் இரண்டு மூன்று பேரே கேட்பார்கள். மற்றவர்கள் புன்னகைத்துவிட்டு அமைதியாக இருப்பார்கள்.

சோர்வடைவது மனித இயல்பு. அதை நபி (ஸல்) அவர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வியாழக்கிழமைதோறும் மக்களுக்கு உபதேசம் செய்துவந்தபோது, நாள்தோறும் செய்யலாகாதா என்று ஒருவர் கேட்டார். மக்களைச் சலிப்படையச் செய்ய விரும்பவில்லை என்றும், நபி (ஸல்) அவர்களும் சலிப்பை அஞ்சி, தகுந்த நேரம் பார்த்தே தங்களுக்கு உபதேசித்ததாகவும் அவர்கள் விடையளித்தார்கள். ஸஹீஹுல் புகாரீயின் கல்வி குறித்த பகுதியில் இச்செய்தி உள்ளது. நபியவர்களின் நாவிலிருந்து நேரடியாகக் கேட்கும் பேறு பெற்ற மக்களுக்கே சலிப்பு வரக்கூடும் என்று எண்ணி நேரம் பார்க்கப்பட்டதென்றால், நம் வகுப்புகளுக்கு அந்தக் கவனம் எவ்வளவு தேவை!

அதே பகுதியில் வேறொரு நிகழ்ச்சியும் உண்டு. இலை உதிராத ஒரு மரம் உண்டு, அது முஸ்லிமுக்கு உவமை, அது எந்த மரம் என்று நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களிடம் வினவினார்கள். அவையோர் பாலைவனத்து மரங்களை எண்ணிப் பார்க்கத் தொடங்கினர். இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் பேரீச்ச மரம் என்று பட்டது. ஆயினும் அவர்கள் அப்போது இளைஞர். பெரியவர்கள் அமர்ந்திருக்கும் அவையில் வாய் திறக்க வெட்கப்பட்டு இருந்துவிட்டார்கள். பின்னர் நபியவர்களே விடையைச் சொன்னார்கள். இதைக் கேள்வியுற்ற உமர் (ரலி) அவர்கள், நீ அதைச் சொல்லியிருந்தால் எனக்கு அது பெரும் மகிழ்ச்சியாய் இருந்திருக்கும் என்ற கருத்தில் தம் மகனிடம் கூறினார்கள்.

கேள்வி கேட்டு அவையை விழிப்புறச் செய்வது நபிவழி என்பது இதில் கிடைக்கும் முதற்பாடம். விடை தெரிந்தும் பேசாத ஒருவர் ஒவ்வோர் அவையிலும் இருப்பார் என்பது இரண்டாவது பாடம். வெட்கம் ஈமானின் ஒரு கிளை. அதைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆனால் வெட்கப்படுபவரும் தயக்கமின்றிப் பேசக்கூடிய ஓர் இடத்தை நாம் ஏற்படுத்திக் கொடுக்கலாம். பதினான்கு பேர் முன் பேசத் தயங்குபவர், ஒருவர் முன் பேசத் தயங்குவதில்லை.

எங்களுள் பள்ளி ஆசிரியையாகப் பணிபுரியும் ஒரு சகோதரி, தம் வகுப்பறையில் கையாளும் முறை ஒன்றை இதற்காக எடுத்துரைத்தார். ஆலிமாவின் ஒப்புதல் பெற்று, அதைச் சிறிது சிறிதாக எங்கள் தேவைக்கேற்பத் திருத்திக்கொண்டோம். இப்போது நடக்கும் முறை இதுதான்.

முதலில் அன்றைய வசனங்கள் ஓதப்படும். அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து நிமிடங்கள் ஆலிமா பாடம் நடத்துவார். பாடம் முடிந்ததும், ஒருவரையொருவர் பார்த்தபடி ஏழு ஏழு பேராக இரண்டு வரிசைகளில் அமர்வோம். முழங்கால் வலி உள்ளோரும் வயது முதிர்ந்தோரும் நாற்காலியில் ஒரு வரிசையாக இருப்பார்கள். அந்த வரிசை நகராது. எதிர் வரிசையில் பெரும்பாலும் இளையவர்கள். ஒரு கேள்வி தரப்படும். எதிரெதிரே இருக்கும் இருவரில் ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் குறுக்கிடாமல் கேட்பார். பிறகு மற்றவர் இரண்டு நிமிடம் பேசுவார். அதன்பின் இளையவர் வரிசை மட்டும் ஓர் இடம் தள்ளி அமரும். கடைசியில் இருப்பவர் முதலிடத்துக்கு வந்துவிடுவார். புதிய துணை, புதிய கேள்வி. இப்படி மூன்று சுற்று. வருகை ஒற்றைப்படையாக அமைந்தால் ஓரிடத்தில் மட்டும் மூவர் சேர்ந்து பேசுவார்கள்.

நேரம் முடிந்ததை அறிவிக்க முதலில் கைப்பேசி அலாரத்தைப் பயன்படுத்தினோம். பேச்சின் நடுவே அந்த ஒலி வெடுக்கென்று விழுந்தது. இப்போது நேரம் பார்க்கும் சகோதரி ஸலவாத்தை உரக்கச் சொல்வார். கேட்டவர்கள் தாமும் சொல்வார்கள். பேச்சுகள் தாமாகவே அடங்கிவிடும். மனம் நோகாமல் ஒரு பேச்சை நிறுத்துவதற்கு இதைவிட அழகிய வழி எங்களுக்குத் தெரியவில்லை.

மூன்று சுற்றுகளுக்கும் மூன்று விதமான கேள்விகள். முதற்சுற்றில், இன்று கேட்ட பாடத்தை உங்கள் சொந்த வார்த்தைகளில் சொல்லுங்கள் என்போம். இரண்டாம் சுற்றில், நம் அன்றாட வாழ்வில் இந்தப் பாடம் தொடும் இடம் எது என்று கேட்போம். மூன்றாம் சுற்றில், அடுத்த ஞாயிற்றுக்குள் செய்யக்கூடிய ஒரு சிறிய செயலைச் சொல்லுங்கள் என்போம். கேட்டதை நினைவில் நிறுத்துவது, அதை வாழ்வோடு பொருத்துவது, அமலுக்குக் கொண்டுவருவது என்பதே இந்த வரிசையின் ஒழுங்கு.

கணக்குப் பார்த்தால் இதன் பயன் விளங்கும். மூன்று சுற்றுக்கும் ஆகும் நேரம் பன்னிரண்டு நிமிடம். அதே பன்னிரண்டு நிமிடத்தைப் பதினான்கு பேருக்கும் பொதுவான உரையாடலாக விட்டால், சமமாகப் பங்கிட்டாலும் ஒருவருக்கு ஒரு நிமிடம் கூடக் கிடைக்காது. எதிரெதிரே அமர்ந்து பேசும்போதோ ஒவ்வொருவருக்கும் ஆறு நிமிடம் பேசவும், ஆறு நிமிடம் உற்றுக் கேட்கவும் வாய்க்கிறது. யாரும் சுவரில் சாய்வதில்லை. நம் முகத்தையே பார்த்து ஒருவர் பேசும்போது கைப்பேசியை எடுக்க யாருக்கும் கை வராது.

ஆனால் இந்த முறை எல்லாருக்கும் உடனே உவந்ததாக அமையவில்லை. எங்களுள் மூத்தவரான மாமி ஒருவர் முதல் நாளே தம் கவலையைச் சொன்னார்: "அல்லாஹ்வுடைய வேதத்தைப் பத்தி ஆளுக்கொரு பேச்சு பேசலாமாம்மா? ஓதுறப்ப வாயை மூடிக்கிட்டு அதபா இருக்கணும்னுதானே எங்களுக்குச் சொல்லித் தந்தாங்க!"

அந்தக் கவலையில் நியாயம் இருந்தது. குர்ஆன் ஓதப்படும்போது செவிதாழ்த்தி மௌனமாக இருக்கும்படி அல்லாஹ்வே ஸூரத்துல் அஃராஃபில் கட்டளையிடுகின்றான். கல்வியின்றிச் சொந்த அபிப்பிராயத்தைக் கொண்டு குர்ஆனுக்கு விளக்கம் கூறுவது குறித்துக் கடுமையான எச்சரிக்கை திர்மிதீயில் வந்துள்ளது. ஆளாளுக்குத் தஃப்சீர் சொல்லும் கூட்டமாக வகுப்பு மாறிவிட்டால், சலிப்பைப் போக்கப் போய்ப் பெரும் நஷ்டத்தைத் தேடிக்கொண்டவர்களாவோம்.

ஆகவே ஆலிமா சில வரம்புகளை வகுத்துத் தந்தார். ஓதும்போதும் பாடத்தின்போதும் முழு மௌனம். உரையாடலுக்குத் தனி நேரம். உரையாடலில் "இந்த வசனத்தின் பொருள் என்ன?" என்ற கேள்விக்கே இடமில்லை. பொருளை ஆலிமா சொல்லிவிட்டார்; அதை நான் எப்படி விளங்கிக்கொண்டேன், என் வீட்டில் எங்கே அதைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பதே பேச்சு. ஹலால், ஹராம் என்று தீர்ப்புச் சொல்ல எவருக்கும் அனுமதியில்லை. விடை தெரியாத கேள்வி எழுந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. மூன்று சுற்றும் முடிந்தபின் ஆலிமா சீட்டுகளை எடுத்து விடையளிப்பார். சிலவற்றை மூத்த ஆலிம்களிடம் கேட்டு அடுத்த வாரம் சொல்வார். அறியாதவற்றை அறிவுடையோரிடம் கேளுங்கள் என்ற இறைக்கட்டளை இதனால் பேணப்பட்டது. ஓதும் நேரத்து அமைதியும் முன்னைவிடக் கூடியது. அந்த மாமியே இப்போது நாற்காலி வரிசையில் முதலிடத்தில் அமர்கிறார்.

அவரைப் போன்றோருக்கு நிறைவளித்த இன்னொரு செய்தியும் உண்டு. இது புதிதாக முளைத்த வழக்கமன்று. நம் நாட்டு அரபு மதரஸாக்களில் உஸ்தாத் பாடம் நடத்தியபின், மாணவர்கள் ஒன்றுகூடி அதே பாடத்தை ஒருவருக்கொருவர் திரும்பச் சொல்லிக்கொள்வதைத் 'தக்ரார்' என்பார்கள். திரும்பத் திரும்பச் சொல்லுதல் என்பது அதன் பொருள். கேட்டதை நினைவிலிருந்து மீட்டுச் சொல்வதன் பயனை இக்கால ஆய்வும் உறுதிப்படுத்துகிறது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, படித்ததை நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

நாங்கள் இம்முறையில் முதன்முதலாகப் பயின்றது ஸூரத்துல் ஹுஜுராத். பதினெட்டு வசனங்களை ஒன்பது வாரங்களில் படித்தோம். பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள கல்வியையும் அமலையும் அறிந்துகொள்ளாமல் நபித்தோழர்கள் அடுத்த வசனங்களுக்குச் செல்வதில்லை என்று தாபிஉகளில் ஒருவரான அபூ அப்திர் ரஹ்மான் அஸ்ஸுலமீ அறிவிக்கும் செய்தி எங்களுக்கு ஊக்கமளித்தது. குடும்பங்களுக்கும் சமுதாயத்துக்கும் தேவையான ஒழுக்கங்கள் செறிந்த அத்தியாயம் இது. வந்த செய்தியைத் தீர விசாரிப்பது, பிணங்கியோரிடையே சமாதானம் செய்வது, பரிகசிக்காமலும் பட்டப்பெயர் சூட்டாமலும் இருப்பது, சந்தேகம், துருவியறிதல், புறம்பேசுதல் ஆகியவற்றிலிருந்து விலகுவது என ஒவ்வொன்றும் நம் வீட்டு வாசலில் நிற்கும் விஷயம்.

நபியவர்களின் குரலுக்கு மேல் குரலை உயர்த்தாதீர்கள் என்ற இரண்டாம் வசனத்தின் வாரத்தில், ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் வரலாற்றை ஆலிமா சொன்னார். இயல்பிலேயே உரத்த குரலுடைய அந்த நபித்தோழர், இவ்வசனம் தம்மைக் குறித்தே இறங்கியது, தம் அமல்கள் அழிந்துவிட்டன என்றஞ்சி வீட்டில் தலைகவிழ்ந்து அமர்ந்துவிட்டார்கள். அவர்களைக் காணாமல் விசாரித்த நபி (ஸல்) அவர்கள், அவர் நரகவாசியல்லர், சுவனவாசி என்ற நற்செய்தியைச் சொல்லியனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா ஒருவர் அன்று முதற்சுற்றில் இதைத் தட்டுத் தடுமாறிச் சொன்னார். அது அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த இரண்டு சுற்றிலும் கேள்வி வேறாயிருந்தும், இந்த வரலாற்றைச் சொல்லித்தான் தம் பதிலைத் தொடங்கினார். மூன்றாவது முறை சொன்னபோது ஒரு செய்தியும் விடுபடவில்லை. அன்று இரவு வீட்டில் பேரனுக்கும் சொன்னாராம்.

செய்தியைத் தீர விசாரிக்கச் சொல்லும் ஆறாம் வசனத்தின் வாரத்தில் இரண்டாம் சுற்றுப் பேச்சு முழுவதும் வாட்ஸ்அப்பைப் பற்றியதாகவே அமைந்தது. யார் எழுதியது என்றறியாத மருத்துவக் குறிப்புகள், ஊரில் ஒரு குடும்பத்தைப் பற்றிப் பரவிய வதந்தி, ஆதாரமற்ற ஹதீஸ்கள் என ஒவ்வொருவரும் தாம் அனுப்பியவற்றை எண்ணிப் பார்த்தனர். மேடையிலிருந்து ஒருவர் கண்டித்திருந்தால் அது அடுத்தவருக்கான அறிவுரையாகவே பட்டிருக்கும். எதிரில் இருப்பவரிடம் தாமே சொல்லும்போது, அது தமக்கான பாடமாகிவிடுகிறது.

இந்த முறை எங்களுக்கு எவ்வளவு தேவையானது என்பதைப் பதினான்காம் வசனத்தின் வாரம் உணர்த்தியது. நாங்கள் ஈமான் கொண்டோம் என்று கூறிய நாட்டுப்புற அரபிகளை நோக்கி, நீங்கள் இன்னும் ஈமான் கொள்ளவில்லை, பணிந்தோம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஈமான் இன்னும் உங்கள் உள்ளங்களில் நுழையவில்லை என்று கூறும்படி அல்லாஹ் நபியவர்களுக்கு அறிவிக்கும் வசனம் அது. அன்று இரண்டாம் சுற்றில், வகுப்புக்கு வந்த நாள் முதல் ஒரு கேள்வியும் கேட்டறியாத பிளஸ் டூ மாணவி, நாற்காலி வரிசையிலிருந்த ஒரு மாமியின் எதிரே அமர்ந்தாள். இருவரின் சம்மதத்தோடே அவர்கள் பேசிக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

"அஞ்சு வேளையும் தொழுறேன் மாமி. ஆனா உள்ளுக்குள்ள ஒண்ணுமே தோணலை. அப்ப எனக்கு ஈமான் இல்லையா?" என்று அவள் மெல்லக் கேட்டிருக்கிறாள்.

மாமி சற்று நேரம் பேசவில்லையாம். பிறகு சொல்லியிருக்கிறார்: "நாப்பது வருஷமாத் தொழுறேன் புள்ள. எத்தனையோ நாள் எனக்கும் அப்படித்தான் போயிருக்கு. வக்தை மட்டும் விட்டதில்லை. வா, ஆலிமாக்கிட்ட நாம ரெண்டு பேரும் சேந்தே கேப்போம்."

அந்தப் பிள்ளை எவ்வளவு காலமாக இந்தக் கேள்வியை நெஞ்சில் சுமந்திருந்தாளோ, அல்லாஹ்வே அறிவான். பெற்ற தாயிடம் சொன்னால் மனம் வருந்துவார் என்று சொல்லவில்லை. தோழிகளிடம் சொல்ல வெட்கம். பதினான்கு பேர் நடுவே எழுந்து கேட்பது நினைத்தும் பார்க்க முடியாத காரியம். இளம் உள்ளங்களில் எழும் இத்தகைய கேள்விகள் நம்மிடம் வந்து சேராவிட்டால் மறைந்துவிடுவதில்லை. அவை உள்ளேயே வளர்கின்றன. அல்லது யாரோ ஒருவரின் காணொளியில் விடை தேடிக்கொள்கின்றன.

ஆலிமா அன்று யார் கேட்டது என்று குறிப்பிடாமல், ஸஹீஹ் முஸ்லிமில் வரும் ஹன்ளலா (ரலி) அவர்களின் வரலாற்றை எல்லாருக்குமாகச் சொன்னார். நபியவர்களின் எழுத்தர்களில் ஒருவர் அவர்கள். ஒருநாள் அபூபக்ர் (ரலி) அவர்களைச் சந்தித்தபோது, ஹன்ளலா நயவஞ்சகனாகிவிட்டான் என்றார்கள். நபியவர்களின் அவையில் இருக்கும்போது சுவனத்தையும் நரகத்தையும் கண்ணால் காண்பது போன்ற நிலை உண்டாவதாகவும், வீடு திரும்பி மனைவி மக்களோடும் தொழிலோடும் கலந்தால் அதில் பெரும்பகுதி மறந்துபோவதாகவும் முறையிட்டார்கள். அதற்கு அபூபக்ர் (ரலி) அவர்கள், அல்லாஹ்வின் மீதாணையாக, எங்களுக்கும் அவ்வாறே நேர்கிறது என்றார்கள். பிறகு இருவரும் நபி (ஸல்) அவர்களிடம் சென்றார்கள். அந்த நிலையே எப்போதும் நீடித்தால் வானவர்கள் உங்கள் படுக்கைகளிலும் பாதைகளிலும் உங்களோடு கைகுலுக்குவார்கள் என்றும், ஆனால் ஒரு நேரம் இப்படியும் ஒரு நேரம் அப்படியுமாகத்தான் இருக்கும் என்றும் நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். பதினான்காம் வசனத்தின் இறுதிப்பகுதியையும் ஆலிமா மீண்டும் விளக்கினார். அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் கீழ்ப்படிந்தால், நம் அமல்களில் எதையும் அவன் குறைத்துவிடமாட்டான் என்ற வாக்குறுதி அதில் இருக்கிறது.

இந்த வரலாற்றின் வரிசை எங்கள் உள்ளத்தைத் தொட்டது. முதலில் இரு தோழர்களின் தெருவோரப் பேச்சு. எனக்கும் அப்படித்தான் என்ற ஆறுதல். அதன்பின் அறிவின் ஊற்றை நோக்கி இருவரும் சேர்ந்து நடப்பது. எங்கள் வகுப்பில் நடக்க வேண்டியது இதுவே. எதிரில் இருப்பவர் முஃப்தி ஆகவேண்டியதில்லை. உடன் நடக்கும் துணையானால் போதும்.

இப்படி உள்ளங்கள் திறக்கும் இடத்துக்குக் காவலும் வேண்டும். ஆகவே இரண்டு நிபந்தனைகளை ஒவ்வொரு வாரமும் பேச்சைத் தொடங்குமுன் நினைவூட்டுகிறோம். முதலாவது, அமானிதம். ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டுச் சுற்றும்முற்றும் திரும்பிப் பார்த்தாலே அது அமானிதமாகிவிடுகிறது என்ற கருத்தில் ஹதீஸ் வந்துள்ளது. அச்சத்தோடு சொல்லப்பட்டதை அடுத்த சுற்றில் இன்னொருவரிடமும், வீட்டில் கணவரிடமும் கொண்டுசெல்லலாகாது. இரண்டாவது, அல்லாஹ் மறைத்த பாவத்தை நாமே அம்பலப்படுத்தலாகாது. இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் தாமே அதை வெளிப்படுத்துவோர் குறித்து நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அவ்வாறே கணவரின் குறையையோ, மாமியாரின் குறையையோ, மருமகளின் குறையையோ உதாரணமாகச் சொல்லுதலும் கூடாது. புறம்பேசுதலைத் தடுக்கும் வசனத்தைப் படிக்கும் அவையிலேயே புறம்பேசினால் அதைவிடப் பரிதாபம் உண்டா? அந்தப் பன்னிரண்டாம் வசனத்தின் வாரத்தில் பேச்சு அந்தத் திசைக்குத் திரும்பிய ஓரிரு இடங்களில், நேரம் முடியுமுன்னரே ஸலவாத் ஒலித்தது. எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

நடைமுறையில் வேறு சில தேவைகளும் உண்டு. ஒரே கூடத்தில் ஏழு பேர் ஒருசேரப் பேசும்போது, செவிப்புலன் குன்றியோருக்குச் சிரமம். அவர்களுக்கு அறையின் ஓரத்தில் இடம் ஒதுக்குகிறோம். பேச விருப்பமில்லாத நாளில் எவரையும் வற்புறுத்துவதில்லை. அவர் வசனத்தின் மொழிபெயர்ப்பை எதிரில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டினால் போதும். நகை விலைக்கும் கல்யாணப் பேச்சுக்கும் சிலர் நழுவுவதுண்டு. இரண்டே நிமிடம் என்பதால் அது நீளாது; அடுத்த சுற்றில் துணையும் மாறிவிடும். ஒத்த வயதினரும் நெருங்கிய உறவினரும் தமக்குள்ளேயே கூடியிருப்பதை இடமாற்றம் தடுக்கிறது. ஒரே தெருவில் வாழ்ந்தும் ஸலாம் மட்டும் சொல்லிக் கடந்தவர்கள் இப்போது ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்கள்.

வர இயலாதவர்களுக்காக ஓர் ஏற்பாடும் செய்துள்ளோம். மதீனாவின் புறநகர்ப் பகுதியில் வசித்த உமர் (ரலி) அவர்களும் அவர்களுடைய அன்ஸாரி அண்டைவீட்டாரும் முறைவைத்து நபியவர்களிடம் செல்வார்கள். ஒருநாள் ஒருவர் சென்று அன்றைய வஹீயையும் செய்திகளையும் மற்றவருக்கு வந்து சொல்வார். மறுநாள் மற்றவர் செல்வார். தொழிலும் குடும்பமும் இருந்தும் கல்வியைத் தவறவிடாதிருக்க அவர்கள் கண்ட வழி இது. இதைப் பின்பற்றி, வராத சகோதரிக்கு யார் பாடத்தைச் சொல்வது என்பதை மூன்றாம் சுற்றின் முடிவில் தீர்மானிக்கிறோம். கைக்குழந்தை வைத்திருப்பவரும், நோயுற்றவரைப் பராமரிப்பவரும் இதனால் வகுப்போடு இணைந்தே இருக்கிறார்கள்.

இதை வீடுகளிலும் செய்து பார்க்கலாம். தந்தை மட்டுமே பேசப் பிள்ளைகள் தலையாட்டும் தஃலீமுக்குப் பதிலாக, ஒரு ஹதீஸை வாசித்தபின் வாப்பாவும் மகளும் இரண்டு நிமிடம், உம்மாவும் மகனும் இரண்டு நிமிடம் பேசிப் பிறகு துணையை மாற்றிக்கொள்ளட்டும். பிள்ளை பேசும் இரண்டு நிமிடமும் பெற்றோர் குறுக்கிடாமல் கேட்பது ஒன்றே இதிலுள்ள கடினமான பகுதி. அதைப் பழகிக்கொண்டால், நம் பிள்ளைகளின் உள்ளத்தில் இருக்கும் கேள்விகள் பிறரைத் தேடிப் போகுமுன் நம்மிடம் வந்து சேரும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் மஜ்லிஸ்களை உன் ரஹ்மத் இறங்கும் இடங்களாக ஆக்குவாயாக! செவிமடுப்பதில் பொறுமையையும், சொல்வதில் உண்மையையும், கேட்டதைப் பேணுவதில் அமானிதத்தையும் எங்களுக்கு அருள்வாயாக! எங்கள் இளையவர்களின் உள்ளங்களில் ஈமானை அழகாக்கி வைப்பாயாக! ஆமீன்.